'ரன்' என்ற ஒரு சொல்லை முழுசாகப் பிடிப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மொட்டை மாடி, ஒரு கரும்பலகை, பத்துப் பன்னிரண்டு பேர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள், ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் 'ரன்'. எல்லோரும் தடுக்கி விழுவதும் அதில்தான். 'வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்று ஒருநாள் பலகையில் எழுதினேன். 'நாங்கள் பாலை விட்டு வெளியே ஓடினோம்' என்று ஒரு பையன் நோட்டில் எழுதிக் காட்டினான். மாடியே சிரித்தது. சிரித்தவர்களிலும் பாதிப் பேருக்கு 'பால் தீர்ந்துவிட்டது' என்ற சரியான பொருள் தெரிந்திருக்கவில்லை.

பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்தச் சொல்லுக்கு வினையாக மட்டுமே 645 பொருள்கள் இருக்கின்றன. மனப்பாடம் செய்ய நினைத்தால் தீராது. நம் புழக்கத்துக்கு அதில் ஒரு மூலை போதும். அந்த மூலையை எந்த வரிசையில் கற்றால் குழப்பம் குறைவு என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதில் விழட்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எண்பது பக்க நோட்டு, இரண்டு நிறப் பேனா. தமிழ் வாக்கியம் ஒரு நிறம், ஆங்கில வாக்கியம் இன்னொரு நிறம். ஒரே நிறத்தில் எழுதினால் ஒரு வாரம் கழித்துப் புரட்டும்போது எதுவும் கண்ணில் படாது.

எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். கைப்பேசியில் இருந்தாலும் சரி. ஆங்கிலம்–தமிழ் சிற்றகராதியை இந்த வேலைக்கு மட்டும் எடுக்காதீர்கள். அது 'ஓடு, இயங்கு, நடத்து, ஒழுகு' என்று அடுக்கிவிட்டுப் போய்விடும். எந்தச் சொல் பக்கத்தில் வந்தால் எந்தப் பொருள் என்று சொல்லாது. நமக்கு வேண்டியதே அதுதான்.

இலக்கணத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி மட்டும் செய்யுங்கள். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் முடித்த பிள்ளைகள் மறுநாள் 'ரன் ஓவர்', 'ரன் இன்ட்டு' இரண்டையும் கலந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கதை ஏழாம் பகுதியில் வருகிறது.

2. முதலில் தமிழ் 'ஓடு'வைக் கொட்டுங்கள்

ஆங்கிலத்தைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் என்னென்ன 'ஓடுது' என்று சொல்கிறோமோ அத்தனையையும் எழுதுங்கள். எங்கள் மாடியில் பத்து நிமிஷத்தில் வந்தவை: நாய் ஓடுது. ஃபேன் ஓடுது. மோட்டார் ஓடுது. டிவியில் சீரியல் ஓடுது. படம் நூறு நாள் ஓடுச்சு. ஆட்டோவில் மீட்டர் ஓடுது. கடை சுமாரா ஓடுது. காலம் ஓடுது. மனசுக்குள்ள என்னமோ ஓடுது. ரெண்டு பேரும் ஓடிப்போயிட்டாங்க. கையும் ஓடலை, காலும் ஓடலை.

ஏன் இதிலிருந்து தொடங்க வேண்டும்? இத்தனை 'ஓடு'வையும் நீங்கள் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை. எது ஓடுகிறது என்பதைப் பார்த்தே பொருள் தெரிந்துகொண்டீர்கள். ஃபேன் ஓடினால் சுற்றுகிறது, கடை ஓடினால் வியாபாரம் நடக்கிறது. 'ரன்'னுக்கும் அதே சாவிதான். சொல்லை உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே குறி போடுங்கள்.

நேராகப் பொருந்துபவை: ஃபேன், மோட்டார், இயந்திரம், மீட்டர், பஸ், ரயில், நூறு நாள் ஓடிய படம். 'த ஃபேன் ஈஸ் ரன்னிங்', 'த ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்'. ஒரு கஷ்டமும் இல்லை.

ஒரு ஒட்டு சேர்த்தால் பொருந்துபவை: மனசுக்குள் ஓடுவதற்கு 'த்ரூ' வேண்டும், 'எ தாட் ரேன் த்ரூ மை மைண்ட்'. ஓடிப்போனதற்கு 'அவே' வேண்டும், 'தே ரேன் அவே'. காதல் கல்யாணத்துக்காக என்று துல்லியமாகச் சொல்ல 'இலோப்' என்றே தனிச்சொல் இருக்கிறது.

பொருந்தவே பொருந்தாதவைதான் ஆபத்து. காலம் ஓடுது என்பதை 'டைம் ஈஸ் ரன்னிங்' என்று சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் காலம் பறக்கும்: 'டைம் ஃபிளைஸ்'. 'டைம் ஈஸ் ரன்னிங் அவுட்' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது 'நேரம் தீரப் போகுது, சீக்கிரம் முடி' என்று விரட்டுவது. 'படம் ஓடலை' என்றால் 'த ஃபிலிம் ஃபிளாப்ட்'. 'கையும் ஓடலை காலும் ஓடலை'யை அப்படியே மொழிபெயர்த்தால் பக்கவாதம் வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். 'ஐ டிட் நாட் நோ வாட் டு டூ' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நம்மிடம் ஓடாதது அங்கே ஓடும். ஆர்.கே. நகர் தொகுதியில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார் என்போம். பிரிட்டன்காரரும் நிற்கத்தான் செய்கிறார், 'ஸ்டேண்ட்'. அமெரிக்கர் மட்டும் ஓடுகிறார், 'ரன் ஃபார் எலக்ஷன்'. நம்மூர் ஆங்கிலப் பத்திரிகைகளோ 'கன்டெஸ்ட்' என்று எழுதும். மூன்றும் சரிதான்.

3. மூன்று உருவங்கள்

இன்று 'ரன்', நேற்று 'ரேன்', 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வந்தால் மறுபடி 'ரன்'. இதைச் சரிசெய்யாமல் மேலே போனால் பின்னால் ஒவ்வொரு வாக்கியத்திலும் இடிக்கும்.

அடிக்கடி வரும் தப்பு மூன்று. 'எஸ்டர்டே ஐ ரன்' என்பது முதலாவது. 'ஹேஸ் ரேன்' என்பது இரண்டாவது. 'டிட் நாட் ரேன்' என்பது மூன்றாவது. 'டிட்' வந்தாலே இறந்தகாலம் அதில் ஏறிவிட்டது. இன்னொரு முறை ஏற்ற வேண்டியதில்லை. எனவே 'டிட் நாட் ரன்'.

4. ஓடுகிறதா, ஓட்டுகிறோமா?

வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு மாதிரி தானாக நடப்பதற்கு ஓர் உருவம், ஒருவர் செய்ய வைப்பதற்கு இன்னோர் உருவம். ஆங்கில 'ரன்'னுக்கு இரண்டுக்கும் ஒரே உருவம்தான். அப்படியானால் எப்படிப் பிரிப்பது? பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பாருங்கள். 'த மோட்டார் ஈஸ் ரன்னிங்': பின்னால் ஒன்றும் இல்லை, மோட்டார் ஓடுகிறது. 'ஐ ரேன் த மோட்டார் ஃபார் டென் மினிட்ஸ்': பின்னால் மோட்டார் வந்துவிட்டது, நான் ஓட்டினேன்.

நாம் மோட்டாரை 'போடுவோம்'. அதை நம்பி 'ஐ புட் த மோட்டார்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சுவிட்சைத் தட்டும் அந்த ஒரு நொடிக்கு 'டர்ன் ஆன்'. அது ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க 'ரன்'. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ அண்ணன் தன்னை அறிமுகப்படுத்தும்போது 'ஐ ரன் அன் ஆட்டோ' என்றார். ஓட்டு என்றால் ரன் என்று அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன், தப்பு என்னுடையது. ஸ்டியரிங்கோ ஹேண்டில்பாரோ பிடித்து வண்டி ஓட்டினால் 'டிரைவ்'. சைக்கிள், பைக் என்றால் 'ரைட்'. மூன்று ஆட்டோ வாங்கி ஆள் வைத்துத் தொழில் செய்தால் 'ஐ ரன் த்ரீ ஆட்டோஸ்'. "இப்போதைக்கு டிரைவ், சார். ஒருநாள் ரன்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு இந்த வித்தியாசம் வகுப்பில் யாருக்கும் மறக்கவில்லை.

நடத்துவது எல்லாவற்றுக்கும் இந்த 'ரன்' வரும். டீக்கடை, மெஸ், சீட்டு, பாக்ஸிங் கிளப் எதுவானாலும். 'ஷீ ரன்ஸ் எ மெஸ் இன் ராயபுரம்'. மேலே முதல் வரியில் நானே 'வகுப்பு எடுக்கிறேன்' என்று எழுதினேன் பாருங்கள். அதை 'ஐ டேக் கிளாசஸ்' என்று சொன்னால் நம்மூரில் புரியும். வெளியூர்க்காரர், குறிப்பாக அமெரிக்கர், நீங்கள் எங்கோ மாணவராகப் படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். 'ஐ ரன் அன் ஈவினிங் கிளாஸ்' என்றால் வம்பில்லை. நேர்முகத் தேர்வில் இது கைகொடுக்கும்.

இதே வரிசையில் இன்னும் சில. மென்பொருளை ஓட்டுவது 'ரன் எ புரோக்ராம்'. ரத்தப் பரிசோதனை செய்வது 'ரன் எ டெஸ்ட்'. கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிவருவது, கரண்ட் பில் கட்டிவருவது மாதிரியான வெளிவேலை 'ரன் அன் எரண்ட்'. சிவப்பு விளக்கில் நிற்காமல் போவதை நாம் 'சிக்னல் ஜம்ப்' என்போம், அமெரிக்காவில் 'ரன் எ ரெட் லைட்'.

ஜுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'அவனுக்கு ஜுரம் அடிக்குது' என்பதில் ஜுரம்தான் எழுவாய். ஆங்கிலத்தில் அவன் எழுவாய் ஆகிவிடுகிறான்: 'ஹீ ஈஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்', அல்லது 'எ ஃபீவர்'. 'ஃபீவர் ஈஸ் ரன்னிங் ஃபார் ஹிம்' என்று எழுதினால் ஜுரம் அவனுக்காக மாரத்தான் ஓடுகிறது என்று ஆகிவிடும். அந்த 'எ'வையும் விடாதீர்கள்.

5. ஒழுகுவது, கரைவது, வற்றுவது

தண்ணீர் சம்பந்தப்பட்ட 'ரன்'னில் ஒரு விநோதம். நாம் தண்ணீர் ஓடுது என்போம், அவர்கள் குழாயே ஓடுது என்பார்கள். 'த டேப் ஈஸ் ரன்னிங்': குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள். வாடகை வீட்டு விளம்பரத்தில் 'ரன்னிங் வாட்டர்' என்று இருந்தால் பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று பொருளில்லை. திறந்தால் குழாயில் தண்ணீர் வரும் என்று பொருள். அடிபம்பும் லாரித் தண்ணீரும் பழகிய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தண்ணீரே தீர்ந்துபோனால் 'ரன் டிரை'. 2019 கோடையில் புழல் ஏரி வற்றியதே, அதற்கு இந்தத் தொடர்தான்: 'த லேக் ரேன் டிரை'. கிணற்றுக்கும் சொல்லலாம்.

மூக்கு ஒழுகுவதும் 'ரன்'தான், 'ஹிஸ் நோஸ் ஈஸ் ரன்னிங்'. பெயராகச் சொல்லும்போது நாம் 'ரன்னிங் நோஸ்' என்கிறோம், வெளிநாட்டில் 'ரன்னி நோஸ்'. நம் டாக்டரிடம் எதைச் சொன்னாலும் அதே மாத்திரைதான்.

சாயம் போவதில் மட்டும் கவனம். தமிழில் 'சாயம் போகுது' என்ற ஒரே தொடர் இரண்டு வேலை செய்கிறது. சிவப்புச் சேலையை நனைத்ததும் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டையில் ஏறினால் அது 'ரன்'. வெயிலில் காயக் காய வெளிறிப் போனால் அது 'ஃபேட்'. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சேலை எடுக்கும்போது நீங்கள் கேட்க விரும்புவது பெரும்பாலும் முதலாவது: 'வில் திஸ் கலர் ரன்?' கடைக்காரர் எந்த மொழியில் கேட்டாலும் போகாது என்றுதான் சொல்வார், அது வேறு விஷயம்.

6. எதுவும் நகராத 'ரன்'

"இந்த ரோடு எங்க போகுது?" என்று கேட்டால் "ரோடு எங்கயும் போகாது, நாமதான் போகணும்" என்ற பழைய கடி ஜோக் எல்லோருக்கும் தெரியும். ஆங்கில ரோடும் அப்படித்தான், படுத்த இடத்திலேயே ஓடும். 'த பக்கிங்ஹாம் கெனால் ரன்ஸ் பேரலல் டு த கோஸ்ட்'. 'த புளூ லைன் ரன்ஸ் ஃபிரம் விம்கோ நகர் டு த ஏர்போர்ட்'. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீளத்தைக் காட்டுவதுதான் இங்கே வேலை.

இந்தப் பொருளில் 'ஈஸ் ரன்னிங்' போடக்கூடாது. 'த ரோட் ஈஸ் ரன்னிங் டு எண்ணூர்' என்றால் சாலை எழுந்து ஓடுவது போலிருக்கும். நிரந்தரமாக இருப்பதற்கு 'ரன்ஸ்' போதும்.

காலத்தின் நீளத்துக்கும் இதே முறை. காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 'த ஃபிஷிங் பேன் ரன்ஸ் ஃபிரம் ஏப்ரல் ஃபிஃப்டீன் டு ஜூன் ஃபோர்டீன்'. மூன்று மாதப் பயிற்சி என்றால் 'த கோர்ஸ் ரன்ஸ் ஃபார் த்ரீ மன்த்ஸ்'.

தலைமுறை நீளத்துக்கும் உண்டு. அப்பா பாக்ஸர், பிள்ளை பாக்ஸர் என்றால் 'பாக்ஸிங் ரன்ஸ் இன் த ஃபேமிலி'. ரத்தத்திலேயே ஊறியது என்று நாம் சொல்வது. பரம்பரை நோய்க்கும் சொல்வார்கள். அப்போது 'சுகர்' என்று சொல்லாமல் 'டயபடீஸ்' என்று சொல்லுங்கள், இல்லையென்றால் குடும்பத்தில் சர்க்கரை ஓடும்.

7. ஒட்டுகள்: இங்கேதான் ஆள் விழுகிறார்கள்

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே இறங்கிய பிறகே இந்தப் பகுதிக்கு வாருங்கள். பலர் முதலிலேயே இங்கே குதிக்கிறார்கள். 'ரன் அவுட், ரன் இன்ட்டு, ரன் ஓவர், ரன் டவுன்' என்று நெடுக்காக எழுதி நெட்டுருப் போட்டால், எல்லாமே 'ரன்'னில் தொடங்குவதால் மூளையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு ஒட்டு.

அவுட். கிரிக்கெட் ரன் அவுட்டை நாம் எல்லோரும் நன்றாக அறிவோம், அதுதான் தொல்லை. பால் தீர்ந்தது என்ற பொருளுக்கு இரண்டு அமைப்பு இருக்கிறது. பொருளை முதலில் வைத்தால் 'ஆஃப்' வராது: 'த கேஸ் ரேன் அவுட்'. ஆளை முதலில் வைத்தால் 'ஆஃப்' கட்டாயம்: 'வீ ரேன் அவுட் ஆஃப் கேஸ்'. இரண்டையும் கலந்து 'த கேஸ் ரேன் அவுட் ஆஃப்' என்று தொங்கவிடுவதுதான் வகுப்பில் நான் அதிகம் திருத்தும் வரி. 'ஐ ஆம் ரன் அவுட்' என்றால் நீங்கள் பெவிலியனுக்குத் திரும்ப வேண்டியதுதான். தீர்வதற்கு முந்தைய நிலை 'ரன்னிங் லோ': சிலிண்டர் அடியில் கொஞ்சம் இருக்கிறது, இன்றைக்கே புக் பண்ணு. இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் காலாவதி ஆவதற்கும் 'ரேன் அவுட்' சொல்லலாம்.

இன்ட்டு. மோதுவதற்கும் இதுதான், எதிர்பாராமல் சந்திப்பதற்கும் இதுதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 'ஒன் ஷிப் ரேன் இன்ட்டு அனதர்' என்று அதைச் சொல்லலாம். மார்க்கெட்டில் பழைய நண்பனைப் பார்த்தால் 'ஐ ரேன் இன்ட்டு அன் ஓல்டு ஃபிரெண்ட்'. ஆள் என்றால் சந்திப்பு, கம்பம் என்றால் மோதல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலில் கலப்பதும் 'ரன்ஸ் இன்ட்டு த சீ'. சிக்கலில் மாட்டுவது 'ரன் இன்ட்டு டிரபிள்'.

ஓவர். வண்டி ஏற்றிவிடுவது. முன்னே சொன்ன கதை இதுதான். பள்ளிக்கூட டீச்சரைப் பெரம்பூரில் எதேச்சையாகப் பார்த்ததைச் சொல்ல வந்த பெண், 'ஐ ரேன் ஓவர் மை டீச்சர் இன் பெரம்பூர். ஷீ வாஸ் வெரி ஹேப்பி' என்று எழுதியிருந்தாள். டீச்சர் மேல் வண்டி ஏற்றியிருக்கிறாள், டீச்சருக்கும் சந்தோஷம். அன்றிலிருந்து 'இன்ட்டு'வையும் 'ஓவர்'ஐயும் ஒரே வாரத்தில் நான் நடத்துவதில்லை. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி இழுத்தாலும் 'த மீட்டிங் ரேன் ஓவர்' என்பார்கள். அங்கே பின்னால் ஆள் யாரும் வராது, அதனால் பயமில்லை.

டவுன். பேட்டரி இறங்குவது. கவனிப்பாரற்றுச் சாயம் உரிந்து நிற்கும் கட்டடம் 'எ ரன்-டவுன் பில்டிங்'. ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் 'ரன் டவுன்'.

மற்றவை வேகமாக. மளிகைக் கடையில் பாக்கி ஏறிக்கொண்டே போனால் 'ரன் அப் எ பில்'. ஒத்திகை பார்ப்பது 'ரன் த்ரூ'. முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லு என்பது 'ரன் இட் பை மீ'. எதைப் போட்டால் ஓடும் என்பது 'ரன் ஆன்': 'மை ஆட்டோ ரன்ஸ் ஆன் எல்பிஜி'. இதில் 'ரன் வித்' என்று எழுதாதீர்கள்.

ஒட்டு இல்லாத ஒன்றையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன், வேறு இடத்தில் உட்காரவில்லை. 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்றால் தாமதமாகிவிட்டது என்றுதான் பொருள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் சொல்லலாம். கும்மிடிப்பூண்டி ரயில் இருபது நிமிஷம் தாமதம் என்றால் 'ரன்னிங் ட்வென்ட்டி மினிட்ஸ் லேட்'.

8. பெயர்ச்சொல்லாக வரும்போது

கிரிக்கெட் ரன்னைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் முன்னால் என்ன வருகிறது என்பதில் மானம் போகும். 'ஐ காட் தர்ட்டி ரன்ஸ்' என்றால் முப்பது ரன் அடித்தேன். 'ஐ ஹேவ் த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. எண் இருந்தால் மைதானம், 'த' மட்டும் தனியாக இருந்தால் கழிப்பறை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து வந்து ஆங்கிலத்தில் பீற்றிக்கொள்ளும் பையன்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'ட்ரையல் ரன்', 'டிரை ரன்' இரண்டும் வெள்ளோட்டம், ஒத்திகை. 'டிரை' இருந்தாலும் இங்கே வற்றுவது என்ற பொருள் இல்லை. 'இன் த லாங் ரன்' நாளடைவில். 'ஆன் த ரன்' என்றால் போலீஸுக்குத் தெரியாமல் தலைமறைவாக இருப்பது. காலையில் மெரினாவில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு 'ஐ ஆம் ஆன் த ரன்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். அதற்கு 'ஐ ஆம் அவுட் ஃபார் எ ரன்'.

9. நம்மூர் 'ரன்னிங்'கை எங்கே விட வேண்டும்

நம் பேச்சில் 'ரன்னிங்' தனி வாழ்க்கை வாழ்கிறது. சேலையோடு ஒட்டி வருவது ரன்னிங் பிளவுஸ். பழைய பைக்கை விற்கும்போது 'ரன்னிங் கண்டிஷன்'. 'ரன்னிங்ல ஏறாதே' என்றால் ஓடும் பஸ்ஸில். இவற்றைத் தப்பு என்று தூக்கியெறிய வேண்டாம், கடையிலும் தெருவிலும் இவைதான் சரி. பரீட்சையிலும் அலுவலக மின்னஞ்சலிலும் மட்டும் ஓடும் பஸ்ஸை 'மூவிங் பஸ்' என்று எழுதுங்கள். ரன்னிங் பிளவுஸுக்கு 'த பிளவுஸ் பீஸ் ஈஸ் அட்டாச்ட்' என்று விரித்துச் சொல்லிவிடலாம்.

'ரன்னிங் ரூம்' என்பதை விடவே வேண்டாம், அது ரயில்வேயின் அதிகாரப்பூர்வச் சொல். ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டும் கார்டும் (2022 முதல் 'டிரெயின் மேனேஜர்') 'ரன்னிங் ஸ்டாஃப்'. ஊர் விட்டு ஊர் வந்து இறங்கும் அவர்கள் அடுத்த வண்டிக்கு முன் தூங்கி எழும் இடம் ரன்னிங் ரூம். ட்ரெட்மில் இருக்கும் அறை என்று ஒரு மாணவன் பிடிவாதமாகச் சொன்னான். அவன் பெரியப்பா ரயில்வேயில்தான் வேலை பார்க்கிறார்.

10. பயிற்சி

நேற்றைய உங்கள் நாளைத் தமிழில் பத்து வரி எழுதுங்கள், பேச்சு வழக்கிலேயே. எந்த வரியில் 'ரன்' வரலாம் என்று தோன்றுகிறதோ அதன்மேல் மூன்று கேள்வி கேளுங்கள். எது அல்லது யார் ஓடுகிறது? பின்னால் செயப்படுபொருள் வருகிறதா? ஒட்டு தேவையா? இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒட்டிலிருந்து தொடங்கினால் டீச்சர் மேல் வண்டி ஏறும்.

பிறகு அகராதியில் உங்கள் வாக்கியத்தைப் போன்ற ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் உங்கள் வாக்கியம் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதாகத்தான் இருக்கும். கடைசியாகக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். 'ரன்'னும் 'ரேன்'னும் வேறுவேறாகக் கேட்கிறதா என்பது மட்டுமே அதில் பார்க்க வேண்டியது.

கற்ற புதிதில் எல்லா இடத்திலும் 'ரன்'னைச் செருகத் தோன்றும். 'வொர்க்', 'கோ', 'ஃபினிஷ்' போன்ற எளிய சொல் உட்காரும் இடத்தில் அதையே விட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து இந்த வரிகளைப் பார்க்காமல் மொழிபெயர்த்துப் பாருங்கள்: சிலிண்டர் தீர்ந்துபோச்சு. பாப்பாவுக்கு ஜுரம் அடிக்குது. இந்தச் சேலை சாயம் போகுமா? எங்க அத்தை மெஸ் வெச்சிருக்காங்க. வழியில உங்க அண்ணனைப் பார்த்தேன். இன்னிக்கு வேலையே ஓடலை.

கடைசி வரியில் 'ரன்' வராது. 'ஐ குட் நாட் கெட் எனி வொர்க் டன் டுடே'.